இரண்டு ராம் நகர், ஒரே பில்: எக்செல் ஷீட்டிலிருந்து அடுக்கு டிக்ஷனரி கட்டிய அனுபவம்

நங்கநல்லூர் ராம் நகரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு 2024 மே மாதத் தண்ணீர் கேன் பில் 960 ரூபாய் என்று போனது. கேன் ஒன்று 40 ரூபாய், அப்படியானால் 24 கேன். மறுநாள் காலையிலேயே பாட்டி ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். கையில் மாதக் காலண்டரிலிருந்து கிழித்த மே மாதத் தாள். கேன் இறங்கிய நாளை எல்லாம் நீல மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். மொத்தம் ஐந்து வட்டம். "நீயே எண்ணிப் பாருப்பா" என்று அதைக் கல்லா மேசையில் விரித்தார்.

அந்தப் பில்லை அச்சடித்தது நான் எழுதிக் கொடுத்த பைத்தான் நிரல். ஆதம்பாக்கத்தில் மளிகைக் கடையோடு கேன் சப்ளையும் செய்யும் அண்ணாச்சிக்கு உதவியாக எழுதியது. வீடு வீடாகக் கணக்கைக் கூட்டி, மாதக் கடைசியில் பில்லாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். நான் அங்கே ஏழெட்டு வருட வாடிக்கை. கத்திரி வெயிலில் கேன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கணக்கை எக்செலில் ஏற்றும் அவர் மகளுக்கோ பி.காம் தேர்வு. அதனால் நானாகவே முன்வந்து எழுதிக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, இப்படி ஆயிட்டு" என்று மட்டும்தான் அண்ணாச்சி கேட்டார். பாட்டியிடம் 200 ரூபாயை வாங்கிக்கொண்டு, ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். அன்று மாலையே மடிக்கணினியோடு கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பிழையைத் தேட இரண்டு மணி நேரம் ஆனது. திருத்தி முடிக்க இரண்டு வார இறுதிகள் போயின. டிக்ஷனரி என்பது பைத்தானில் ஒரு கீயையும் (தேடும் பெயர்) அதற்கு எதிரே ஒரு மதிப்பையும் ஜோடியாக வைக்கும் அமைப்பு. ஷீட்டிலிருந்து டிக்ஷனரிக்குள் டிக்ஷனரி கட்டுகிற எவருக்கும் இந்தப் பள்ளங்களில் பாதியாவது வரும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஷீட்டில் இருந்தது என்ன

மே மாத ஷீட்டில் 2,380 வரிகள். ஒரு வரி என்றால் ஒரு வீட்டில் ஒரு முறை கேன் இறக்கியது. நெடுவரிசைகள் ஏழு: தேதி, பின்கோடு, தெரு, கதவு எண், பெயர், கொடுத்த கேன், திரும்பி வந்த காலி கேன். பின்கோடு என்றாலும் கடைசி இரண்டு இலக்கம்தான் போட்டிருப்பார்கள். சென்னையில் பேச்சே அப்படித்தானே. ஆதம்பாக்கம் 88, நங்கநல்லூர் 61, மடிப்பாக்கம் 91, வேளச்சேரி 42. அண்ணாச்சியின் வண்டி போவது இந்த நான்கு இடங்களுக்கும்தான்.

நான் முதலில் கட்டியது ஒரே அடுக்கு டிக்ஷனரி. தெருவையும் கதவு எண்ணையும் ஒட்டி ஒரு கீ, அதற்கு எதிரே கேன்களின் கூட்டுத்தொகை. "ராம் நகர் 2வது தெரு, 12" என்பது ஒரு கீ. சென்னையைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். ராம் நகர் நங்கநல்லூரிலும் உண்டு, மடிப்பாக்கத்திலும் உண்டு. இரண்டிலும் 2வது தெரு, இரண்டிலும் 12ஆம் எண் வீடு, இரண்டு வீட்டிலும் நம் கேன். மடிப்பாக்கத்து வீட்டில் நான்கு பேர், 19 கேன். பாட்டி 5 கேன். கூட்டினால் 24.

டிக்ஷனரி இதையெல்லாம் எடுத்துச் சொல்லாது. இருக்கிற கீயோடு இன்னொரு வரி வந்தால் அது அதே வீடுதான் என்று எடுத்துக்கொள்ளும். நான் கூட்டிக்கொண்டே போனதால் இரண்டு வீடும் ஒன்றாகக் கலந்தன. கூட்டாமல் மதிப்பை அப்படியே போட்டிருந்தால் முதல் வீடு சுவடில்லாமல் அழிந்து, இரண்டாவது மட்டும் நின்றிருக்கும். இரண்டு வகையிலும் எச்சரிக்கை எதுவும் வராது. பெயரைப் பொறுத்தவரை கடைசியாக வந்த வரியின் பெயரை நான் எடுத்தேன். பாட்டிக்கு மே 30 அன்று கேன் இறங்கியதால் பில் அவர் பெயரில் விழுந்தது. மடிப்பாக்கத்து வீட்டுக்கு அந்த மாதம் பில்லே போகவில்லை.

பின்கோடு நெடுவரிசை கண் முன்னாலேயே இருக்க, அதை ஏன் விட்டேன்? பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) கொண்டு நான் ஷீட்டைத் திறந்தபோது அந்த நெடுவரிசை பெரும்பாலும் காலியாகத் தெரிந்தது. ஏதோ அரைகுறையாக நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். ஆனால் திரையில் எக்செலைத் திறந்து பார்த்தால் வீட்டில் இறக்கிய ஒரு வரியிலும் பின்கோடு விடுபடவில்லை. அண்ணாச்சி மகள் ஒவ்வொரு நாளும் ஒரே பகுதிக்கான வரிகளின் பின்கோடு செல்களை மெர்ஜ் செய்து (ஒரே செல்லாகச் சேர்த்து), நடுவில் பெரிதாக 61 என்று போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோப்புக்குள் மெர்ஜ் செய்த பரப்பின் இடது மேல் செல்லில் மட்டுமே மதிப்பு இருக்கும். மற்றவை வெறும் செல்கள். கண்ணுக்கு நிரம்பியிருப்பது நிரலுக்குக் காலி. இந்தச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு புரிதல் பிசகிலிருந்து கிளைத்தது.

வண்டி ஓட்டும் தம்பி சொன்ன அடுக்கு

திருத்தி எழுதுவதற்கு முன், கேன் போடும் தம்பியிடம் அவர் வேலையைச் சொல்லச் சொன்னேன். லோடு ஆட்டோவின் பின்புறம் சாய்ந்து நின்றுகொண்டே ஒப்பித்தார்: "காலைல முதல்ல 88ண்ணா. அதுல பிள்ளையார் கோயில் தெரு, அதுல எட்டு, பதினொண்ணு, பதினாலு. அப்புறம் 61. அதுல ராம் நகர் ரெண்டாவது தெரு, பன்னெண்டு, அதான் பாட்டி வீடு. 91லயும் ராம் நகர் ரெண்டாவது தெரு பன்னெண்டு இருக்கு. அது மாடி வீடு, ரெண்டு பசங்க."

"அதுல, அதுல" என்று அவர் சொன்ன இடமெல்லாம் ஒரு அடுக்கு. பகுதிக்குள் தெரு, தெருவுக்குள் கதவு. நான் வேறு எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மனதில் இருப்பதை அப்படியே எழுத்தில் போட்டால் இதுதான் வரும்:

{"61": {"ராம் நகர் 2வது தெரு": {"12": {"பெயர்": "பாட்டி வீடு", "இறக்கியவை": [1, 1, 1, 1, 1]}}},
 "91": {"ராம் நகர் 2வது தெரு": {"12": {"பெயர்": "மாடி வீடு", "இறக்கியவை": [2, 2, 3, 2, 2, 3, 2, 3]}}}}

இப்போது ஒரு வீட்டைக் கேட்க, கணக்கு["61"]["ராம் நகர் 2வது தெரு"]["12"] என்று மூன்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அண்ணாச்சி மகள் பின்னால் இதைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் நானும் அப்படியே வைத்தேன்.

அடுக்காகத்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பகுதி, தெரு, கதவு மூன்றையும் ஒரு டூபிளாக்கி (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே பொட்டலம்) அதையே ஒற்றைக் கீயாகப் போட்டாலும் பாட்டி பில் சரியாகத்தான் வந்திருக்கும். வீடு வீடாகக் கூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் நான் அதையே சிபாரிசு செய்வேன், எழுதவும் சுலபம். ஆனால் அண்ணாச்சி கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. "91ல மட்டும் எத்தனை கேன் போச்சு?" "பிள்ளையார் கோயில் தெருவுல யார் யார் காலி கேன் தரல?" ஒரு பகுதியை அல்லது ஒரு தெருவை மொத்தமாகக் கையில் எடுக்க வேண்டும் என்றால் அடுக்குதான் வசதி. டூபிளில் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா வீட்டையும் சலிக்க வேண்டும்.

கடைசி அடுக்கில் தேதியைக் கீயாக வைக்காமல் பட்டியலாக வைத்ததற்கும் காரணம் உண்டு. வெயில் காலத்தில் ஒரே வீட்டில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இறங்கும். தேதி கீயாக இருந்தால் மாலைக் கேன் காலைக் கேனை அழித்துவிடும். ஒரு கீக்கு எதிரே ஒன்றுதான் வரும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பட்டியல் போடுவதுதான் பத்திரம்.

கீயைத் துடைத்து எடுப்பது

அடுக்கைத் தீர்மானிக்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஷீட்டில் இருப்பதைக் கீயாகத் தகுதியாக்கத்தான் மீதி நாட்கள் எல்லாம் போயின.

முதலில் மெர்ஜ் செய்த செல்கள். மேலே இருக்கும் மதிப்பைக் கீழே இழுத்து நிரப்ப பாண்டாஸில் ஒற்றை வரி போதும். பலரும் அதைத்தான் செய்வார்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் இந்த ஷீட்டில் உண்மையிலேயே காலியான பின்கோடு செல்களும் இருந்தன. கடைக்கே வந்து கேனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் வரிகள் அவை. கண்ணை மூடிக்கொண்டு கீழே இழுத்ததில் அவர்கள் எல்லாரும் மேலே இருந்த மடிப்பாக்கத்தில் குடியேறிவிட்டார்கள். அதனால் ஓபன்பைஎக்செல் நூலகத்துக்கு மாறினேன். எந்தெந்தப் பரப்பு மெர்ஜ் செய்யப்பட்டது என்ற பட்டியலை அது தருகிறது. அந்தப் பரப்புகளுக்குள் மட்டும் மதிப்பை நிரப்பினேன். மற்ற காலி செல்களுக்கு "கடை" என்ற தனிக் கீ. ஒன்றைக் கவனியுங்கள்: படிக்க மட்டும் திறக்கும் வேக முறையில் திறந்தால் அந்த நூலகம் மெர்ஜ் பட்டியலைத் தராது. வழக்கமான முறையில்தான் திறக்க வேண்டும்.

பாண்டாஸோடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குரூப்பை என்று குழுவாகப் பிரிக்கும்போது கீ காலியாக உள்ள வரிகளை அது வழக்கமாகவே விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, கூட்டுத்தொகை மட்டும் குறைந்திருக்கும்.

அடுத்தது பின்கோடு எண்ணா, எழுத்தா என்பது. ஷீட்டில் சில இடத்தில் 61 எண்ணாகவும், சில இடத்தில் எழுத்தாகவும் இருந்தது. பைத்தானுக்கு 61 என்ற எண்ணும் "61" என்ற எழுத்தும் வெவ்வேறு கீ. ஆனால் 61, 61.0 இரண்டும் ஒரே கீ. எண்கள் மட்டுமே உள்ள ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு செல் காலியாக இருந்தாலும் பாண்டாஸ் அதிலுள்ள முழு எண்களைத் தசம எண்களாக மாற்றிவிடும். அப்புறம் அதை அப்படியே எழுத்தாக்கினால் "61.0" என்ற மூன்றாவது கீ பிறக்கும். எல்லாவற்றையும் முழு எண்ணாக்கி, பிறகு எழுத்தாக்கி, ஓரங்களில் உள்ள இடைவெளியைச் சீவி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். எண்ணாகவே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஜேசன் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு வடிவம்) கோப்பாகச் சேமித்தால் எண் கீகள் எப்படியும் எழுத்தாகிவிடும். திரும்ப ஏற்றும்போது எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்காது. அதனால் முதலிலிருந்தே எழுத்து.

45359ஆம் எண் வீடு

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது என்று நினைக்கிறேன், வேறு ஊர்களிலும் இருக்கலாம்.

இங்கே கதவு எண் பெரும்பாலும் இரட்டையாகத்தான் இருக்கும். புது எண் ஒன்று, பழைய எண் ஒன்று. வாசலில் இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள், முகவரியில் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். ஆதம்பாக்கம் பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீடு, புது எண் 8, பழைய எண் 3. அதை 8/3 என்று தட்டி என்டர் அடித்தால் எக்செல் அதை மார்ச் 8 என்று எடுத்துக்கொள்ளும், நடப்பு ஆண்டையும் தானே சேர்த்துக்கொள்ளும். 38/14 போல எப்படிப் பார்த்தாலும் தேதியாகாத எண் என்றால் எழுத்தாகவே நிற்கும். அதனால் அதே நெடுவரிசையில் பாதி எழுத்து, பாதி தேதி.

அண்ணாச்சி மகள் இதை முன்பே கவனித்திருக்கிறார். தேதியாகத் தெரிகிறதே என்று செல்லின் வடிவத்தை "ஜெனரல்" (பொது) என்று மாற்றியிருக்கிறார். உடனே அங்கே 45359 என்று நின்றது. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருவது எக்செலின் வழக்கம். 2024 மார்ச் 8 அதில் 45359. "அண்ணா, இந்த வீட்டு நம்பர் மட்டும் அடிக்கடி மாறுது, நான் சரியாத்தான் அடிக்கிறேன்" என்று என்னிடம் அவர் சொன்னபோது குரலில் வருத்தம் இருந்தது. அவர் சரியாகத்தான் அடித்திருந்தார்.

அதோடு போகவில்லை. கடைக் கணினியில் தேதி முறை நாள், மாதம் என்று நம் வழக்கப்படி. அவர் கல்லூரிக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் அமெரிக்க முறை, முதலில் மாதம், பிறகு நாள். அதில் தட்டிய 8/3 ஆகஸ்ட் 3 ஆகிவிட்டது, அதன் எண் 45507. ஆக, ஒரே வீடு மூன்று கீயாக இருந்தது: மார்ச் 8, ஆகஸ்ட் 3, 45359. அந்த வீட்டுக்கு மே மாதம் மூன்று துண்டு பில் போயிருக்கிறது. நல்ல மனிதர்கள், மூன்றையும் கூட்டிக் கட்டிவிட்டார்கள்.

திருப்பி மாற்றுவது எளிது என்று முதலில் நினைத்தேன். தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் எடுத்து நடுவில் சாய்கோடு போட்டால் ஆயிற்று. ஆனால் எந்த வரி எந்தக் கணினியில் தட்டியது என்று ஷீட்டில் பதிவில்லை. மார்ச் 8 என்பது கடையில் தட்டிய 8/3 ஆகவும் இருக்கலாம், மடிக்கணினியில் தட்டிய 3/8 ஆகவும் இருக்கலாம். தேதியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்குள் அந்த விவரம் கிடையாது. இழந்தது இழந்ததுதான்.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்1 என்று பெயர் கொண்டவை இருந்தன. ஆய்வாளர்கள் தட்டியதும் எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் 2020இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு, பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றி அறிவித்தது. நாம் வீட்டு எண்களை மாற்ற முடியாது. கதவு எண் நெடுவரிசை முழுவதையும் தட்டுவதற்கு முன்பே எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைத்தோம். தட்டிய பிறகு மாற்றினால் 45359தான் கிடைக்கும்.

தேதியாகிப்போன வீடுகள் மொத்தம் 23. கேனுக்கு முன்பணம் வாங்கும்போது அண்ணாச்சி கையால் எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதில் பெயரும் கதவு எண்ணும் இருக்கும். 16 வீடுகள் அதில் கிடைத்தன. மீதி ஏழு வீட்டாரும் சொந்தக் கேன் வைத்திருப்பவர்கள், முன்பணம் கொடுத்ததில்லை, நோட்டில் இல்லை. அந்த ஏழைத் தனித் தாளில் எழுதி வைத்தேன்.

ஒரே எழுத்து, இரண்டு குறியீடு

தெருப் பெயர்களில் வேறு மாதிரியான தொல்லை. "பிள்ளையார் கோயில் தெரு" டிக்ஷனரியில் இரண்டு முறை வந்தது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. நீளத்தை எண்ணச் சொன்னேன். "கோயில்" என்ற சொல் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 7.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீடு கொடுக்கும் யூனிகோடு முறையில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஓகாரக் குறி முழுவதற்கும் ஒரே குறியீடும் ஒரு விதம். ககரம், முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்புக்கு ஒரு குறியீடு, பின்னால் வரும் காலுக்கு ஒரு குறியீடு என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது இன்னொரு விதம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு சரம் (எழுத்துத் தொடர்). அண்ணாச்சியின் பழைய வாடிக்கையாளர் பட்டியல் எப்போதோ ஒரு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதிலிருந்து ஒட்டிய பெயர்கள் எல்லாம் பிரிந்த வடிவத்தில் இருந்தன. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு எல்லாச் சரங்களையும், பிரிந்தவற்றைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். தமிழில் மாறிப் பெயர் வைத்தால் பைத்தான் அவற்றைத் தானாகவே ஒரே வடிவமாக்கிக்கொள்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களில் மட்டும் கை வைப்பதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இடைவெளி சீவுவதிலும் ஒரு சிறு விஷயம். ஓரங்களைச் சீவும் ஸ்ட்ரிப் என்ற முறை சாதாரண இடைவெளியை நீக்கும், பிரியா இடைவெளியையும் நீக்கும். அகலமே இல்லாத குறிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அவற்றை விட்டுவிடும். அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

கோயில், கோவில், "பி.கோ. தெரு" எல்லாம் எழுத்து வேறுபாடுகள். இவற்றை எந்த வடிவமாற்றமும் தீர்க்காது. ஏறக்குறைய ஒத்த சரங்களைத் தானாகப் பொருத்தும் நூலகங்கள் இருக்கின்றன. நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 1வது தெருவும் 11வது தெருவும் அவற்றின் கண்ணுக்கு மிக நெருங்கிய உறவு. மாற்றுப் பெயரிலிருந்து சரியான பெயருக்கு ஒரு சின்ன டிக்ஷனரியைக் கையாலேயே எழுதினோம். 40 வரி கூட ஆகவில்லை. அண்ணாச்சி மகள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

கட்டும்போது

கீ சுத்தமான பிறகு கட்டுவது சிறிய வேலை. ஒவ்வொரு வரியிலும் பகுதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வெற்று டிக்ஷனரி ஒன்றை வைத்து, அதற்குள் தெருவுக்கும் அப்படியே செய்து, கதவில் போய்ச் சேர வேண்டும். செட்டிஃபால்ட் என்ற முறை இதைத்தான் செய்கிறது. இருந்தால் எடுத்துத் தரும், இல்லாவிட்டால் வைத்துவிட்டுத் தரும். மூன்று முறை சங்கிலியாகப் போட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

பார்க்க இன்னும் அழகானது டிஃபால்ட்டிக்ட் என்ற டிக்ஷனரி வகை. இல்லாத கீயைத் தொட்டாலே அது தானாக உருவாகும். நான் இதைக் கொண்டுதான் முதலில் கட்டினேன். பிறகு முன்பண நோட்டில் உள்ள வீடுகள் எல்லாம் கணக்கில் இருக்கின்றனவா என்று சதுர அடைப்புக்குறியால் கேட்டுப் பார்த்தேன். கேட்டதுமே இல்லாத ஒன்பது வீடுகள் உருவாகிவிட்டன. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் பெயருக்கெல்லாம் பூஜ்யம் ரூபாய்க்குப் பில் வந்து நின்றது. படிப்பதும் எழுதுவதாகிவிடும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. செட்டிஃபால்டுக்கே திரும்பிவிட்டேன். டிஃபால்ட்டிக்ட்தான் வேண்டும் என்பவர்கள் கட்டி முடித்ததும் சாதாரண டிக்ஷனரியாக மாற்றிவிடுங்கள். அப்போதும் வெளி அடுக்கை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே இருப்பவை டிஃபால்ட்டிக்டாகவே இருக்கும். ஒவ்வொரு அடுக்காக இறங்கி மாற்ற வேண்டும்.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி, கீகள் நுழைந்த வரிசையைக் காப்பாற்றும் என்பது மொழியின் உறுதிமொழி. ஷீட் வண்டி போகும் வரிசையில் நிரம்பியிருந்ததால் பில்களும் அதே வரிசையில் அச்சாயின. கேன் போடும் தம்பி கட்டை வாங்கி மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்துக்கொண்டே போகலாம். மாத நடுவில் புதிதாகச் சேர்ந்த வீடு மட்டும் அந்தத் தெருவின் கடைசியில் போய் நிற்கும்.

கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை

எல்லாம் முடிந்ததும் டிக்ஷனரியின் எல்லா வீட்டையும் கூட்டி, ஷீட்டின் அடியில் எக்செல் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட்டேன். இதை முதல் முறையே செய்திருக்க வேண்டும். செய்திருந்தாலும் பாட்டியின் பிழை பிடிபட்டிருக்காது, ஏனென்றால் இரண்டு வீடு கலந்தாலும் மொத்தம் மாறாது. அதனால் இந்த முறை இரண்டு சோதனை வைத்தேன். ஒன்று மொத்தக் கேன். இன்னொன்று, ஒரே கீயின் கீழ் இரண்டு வெவ்வேறு பெயர் வந்தால் நிறுத்திக் கேட்பது. பாட்டியையும் மாடி வீட்டையும் அன்றே பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய சோதனை இந்த இரண்டாவதுதான்.

மொத்தக் கேனில் என் கணக்கு 3,131. எக்செல் காட்டியது 3,117. பதினான்கு வித்தியாசம். என் நிரலில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் தேடினேன். உண்மையில் குறைவாகக் காட்டியது ஷீட். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று இறங்கினால் சில நாள் ஒரே செல்லில் 2+1 என்று தட்டியிருக்கிறார்கள். முன்னால் சமக்குறி இல்லாததால் அது வெறும் எழுத்து. எக்செலின் கூட்டல், எழுத்துச் செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். என் நிரலோ அதை எண்ணாக மாற்ற முடியாமல் நின்றது. கூட்டல் குறியில் பிரித்துக் கூட்டுமாறு அப்போதே மாற்றியிருந்தேன். நான்கு இடத்தில் 2+1, ஓரிடத்தில் 1+1. பதினான்கு கேன், 560 ரூபாய்.

அண்ணாச்சியிடம் சொன்னதும் பழைய மாதங்களையும் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, தண்ணி தானே, குடிச்சிருப்பாவ" என்றார். இனிமேல் மாலையில் இறங்கினால் தனி வரி போட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டார். அது ஷீட்டுக்கும் நல்லது.

ஜூன் பில் ஜூலை முதல் தேதி போனது. பாட்டிக்கு ஆறு கேன், 240 ரூபாய். மடிப்பாக்கத்து மாடி வீட்டுக்கு இரண்டு மாதக் கணக்கையும் சேர்த்து, ஏன் சேர்ந்து வருகிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினோம். ஜிபேயில் அன்றே கட்டிவிட்டார்கள்.

அந்த ஏழு வீட்டுத் தாளை நான் கேன் போடும் தம்பியிடம்தான் கொடுத்தேன். பென்சிலை வாங்கி, வண்டியின் பானெட் மேல் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புது எண், பழைய எண் இரண்டையும் நிற்காமல் எழுதினார். ஆறாவது வரியில் மட்டும் நின்றார். "இது எழுத முடியாதுண்ணா. வீட்டை இடிச்சிட்டாங்க. ஃபிளாட் கட்டுறாங்க, நம்பர் பலகையே இல்ல. வாட்ச்மேனும் வேலை ஆளுங்களும்தான் கேன் வாங்குறாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பர் எழுத வேண்டிய இடத்தில் வேறொன்று எழுதிக் கொடுத்தார். ஆதம்பாக்கம் அடுக்கில், அந்தத் தெருவின் கீழ், இன்றும் கீ அவர் கையெழுத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது: "இடிச்ச வீடு, வேப்பமரம் எதிர".